போர்டில் பெயர் இருக்கிறது, உயில் இருக்கிறதா?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். அவருக்கு வயது அறுபத்தேழு. ஜி.எஸ்.டி. நோட்டீஸ் ஏதோ வந்திருக்கிறது போலும் என்று நினைத்தேன். விஷயம் அதுவல்ல.

"அண்ணாச்சி, பெரியவன் பதினாறு வயசுலருந்து கடையிலயே கிடக்கான். சின்னவன் பெங்களூர்ல வேலை. பொண்ணக் கட்டிக் குடுத்தாச்சு. நாளைக்கு நான் கண்ண மூடிட்டா கடை பெரியவனுக்குத்தானே போகும்?"

போகாது என்றேன். உங்கள் மனைவி, இரண்டு மகன்கள், மகள் ஆக நான்கு பேருக்கும் சமமாகப் போகும். கடையிலே கிடப்பவனுக்கும் நாலில் ஒன்றுதான் என்றேன். அவர் கையில் இருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டார். நாற்பது வருடம் வியாபாரம் செய்தவர். பருப்பு விலை அடுத்த மாதம் ஏறுமா இறங்குமா என்று சொல்லிவிடுவார். இது அவருக்குத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? நம் உறுப்பினர்களில் உயில் எழுதி வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள் என்றால் எத்தனை கைகள் எழும்பும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பஜாரில் என் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு பருப்பு மொத்தக் கடை இருந்தது. உரிமையாளருக்கு ஐம்பத்தெட்டு வயது. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில் மாரடைப்பு. கடை நிறைய துவரம்பருப்பும் உளுந்தும் வற்றலும் பண்டிகைக்காக இறக்கி வைத்திருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூத்த மகன் கடையைத் திறந்தான். மறுநாள் இளையவன் வந்து இன்னொரு பூட்டைப் போட்டான். வக்கீல் நோட்டீஸ் வந்தது. பாங்கில் கணக்கை நிறுத்தி வைத்தார்கள். பதினொரு மாதம் அந்த இரண்டு பூட்டும் தொங்கின. உள்ளே பருப்பில் வண்டு விழுந்தது, வற்றல் நிறம் வெளுத்தது. வாரா வாரம் வண்டி கட்டிக்கொண்டு வந்து கொள்முதல் செய்த கிராமத்துக் கடைக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தபோது பிரித்துக்கொள்ள மீதி இருந்தது தராசும் மேஜையும் கடை அட்வான்ஸும்தான். எனக்கு அந்தக் கடையிலிருந்து வர வேண்டிய ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் ரூபாயைப் பேரேட்டில் வராக்கடன் என்று எழுதி மூடினேன். பையன்கள் இருவரும் கெட்டவர்கள் அல்ல. அப்பா என்ன நினைத்திருந்தார் என்று இருவருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

கடை என்று ஒன்று கிடையாது

நாம் 'கடை, கடை' என்கிறோம். ஒருவர் மட்டும் உரிமையாளராக நடத்தும் கடைக்குச் சட்டத்தில் தனியாக உயிர் கிடையாது. போர்டில் முருகன் ஸ்டோர்ஸ் என்று இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அங்கே இருப்பது கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவர்தான். அவர் போனால் கடை உடனே பல துண்டுகளாகச் சிதறிவிடுகிறது. சரக்கு ஒரு துண்டு. வர வேண்டிய பாக்கி ஒரு துண்டு. கட்டடத்தின் வாடகை உரிமை, கொடுத்த அட்வான்ஸ், பாங்கு இருப்பு, உரிமங்கள், கொடுக்க வேண்டிய கடன் எல்லாம் தனித்தனித் துண்டுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியாகப் போகும்.

ஜி.எஸ்.டி. எண் உரிமையாளரின் பான் எண்ணை வைத்துக் கொடுக்கப்பட்டது. அவர் மறைந்தால் அந்தப் பதிவை ரத்து செய்ய வேண்டும். வாரிசு தன் பெயரில் புதுப் பதிவு வாங்க வேண்டும். இறந்தவர் கணக்கில் நிற்கும் உள்ளீட்டு வரியைப் புதிய பதிவுக்கு மாற்ற ஐ.டி.சி. 02 என்ற படிவம் இருக்கிறது. 2019 மார்ச் சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. பாதிப் பேர் இதைக் கேட்காமல் அந்த வரியை விட்டுவிடுகிறார்கள். அதே சமயம், வியாபாரத்தைத் தொடர்ந்து நடத்துகிற வாரிசு இறந்தவரின் பழைய வரிப் பாக்கிக்கும் பொறுப்பாகிறார். உணவுப் பாதுகாப்பு உரிமம் உரிமையாளர் இறந்த பிறகு 90 நாள் வரை குடும்பத்தாருக்குச் செல்லும். அதற்குள் அலுவலகத்தில் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். வாடகைக் கடையென்றால், 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள புதிய வாடகைச் சட்டத்தின்படி எழுத்து மூலமான ஒப்பந்தம்தான் ஆதாரம். அதில் மீதமுள்ள காலம்தான் வாரிசுக்குக் கிடைக்கும். 'வீட்டுக்காரர் நல்லவர், வாய்ப்பேச்சுதான்' என்று முப்பது வருடமாக இருப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும். வீட்டுக்காரரும் ஒரு நாள் போவார்; அவர் மகன் பேசுவான்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டை அப்பாவின் கணக்கோடு இணைந்தது. அவர் இறந்த மறுநாளும் வாடிக்கையாளர் அதை ஸ்கேன் செய்து பணம் அனுப்பிக்கொண்டே இருப்பார். பணம் போய் உட்காருவது குடும்பம் தொட முடியாத கணக்கில். அப்பாவின் செல்போன் எதைப் போட்டால் திறக்கும் என்று வீட்டில் ஒருவருக்குமே தெரியாத கதையும் பார்த்திருக்கிறேன்.

எழுதாவிட்டால் சட்டம் எழுதும்

உயில் எழுதாமல் இறப்பவருக்கும் ஓர் உயில் உண்டு. அதை நாடாளுமன்றம் 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டமாக எழுதி வைத்துவிட்டது. ஆண் ஒருவர் தாம் சம்பாதித்த சொத்தை விட்டுவிட்டு உயில் இல்லாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. தாய் என்பதைக் கவனியுங்கள். தகப்பனாருக்கு முதல் வரிசையில் இடமில்லை, தாய்க்கு உண்டு. பருப்புக் கடை நண்பரின் தாயார் எண்பத்திரண்டு வயதில் உயிரோடு இருந்தார். ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு. அந்த அம்மாள் உயில் இல்லாமல் போனால் அவருடைய பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். அதாவது சித்தப்பாவும் அத்தையும் கடைக்குப் பங்காளி ஆவார்கள். பையன்கள் கனவிலும் நினைத்திராத திருப்பம் இது.

பெண்களுக்குப் பங்கு உண்டா என்று இன்னும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தகப்பன் சம்பாதித்த சொத்தில் 1956 முதலே மகளுக்குச் சம பங்கு உண்டு. பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் தமிழ்நாடு 1989இலேயே, அன்று மணமாகாதிருந்த மகள்களுக்கு உரிமை கொடுத்தது. 2005இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. தகப்பன் 2005க்கு முன்பே இறந்திருந்தாலும் அந்த உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'நூறு பவுன் போட்டுக் கட்டிக் கொடுத்தோம், கணக்கு முடிந்தது' என்பது நம் கணக்கு. சட்டத்தின் கணக்கில் நகை வேறு, பங்கு வேறு.

மனைவி பெயரில் வீட்டையும் கட்டடத்தையும் வாங்கிப் போடுவது நம்மவர்களின் பழக்கம். நல்லதுதான். ஆனால் அந்த அம்மாளும் உயில் எழுத வேண்டும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. குழந்தை இல்லாத பெண் உயில் இல்லாமல் இறந்து, கணவரும் இல்லையென்றால், அவர் பெயரில் உள்ள சொத்து கணவரின் உறவினர்களுக்குப் போகும். பிறந்த வீட்டிலிருந்து வந்தது மட்டும் தகப்பன் வழிக்குத் திரும்பும். எழுதுகிற நாளில் புருஷனும் பெண்சாதியும் இருவரும் எழுதுங்கள்.

நம் சங்கத்தில் இஸ்லாமிய, கிறிஸ்தவ வணிகர்களும் பலர் இருக்கிறார்கள். கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் பேதமின்றிச் சமம். இஸ்லாமியர்கள் கடனும் அடக்கச் செலவும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க முடியாது. பங்கு பெறும் வாரிசு ஒருவருக்கே கூடுதலாக எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும் என்பது சுன்னத் ஜமாஅத் முறை. எனவே கடையை ஒரு மகனுக்கு விட நினைக்கிற பாய்மார்கள் உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகக் கொடுத்து, சுவாதீனத்தையும் ஒப்படைப்பதுதான் வழக்கம். விவரம் தெரிந்தவரைக் கேட்டுச் செய்யவும்.

நாமினி வாரிசு அல்ல

'எல்லாத்துக்கும் நாமினி போட்டிருக்கேன், உயில் எதுக்கு?' இதை நான் கேட்காத வாரம் இல்லை. பாங்குக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கையில் வைத்திருக்கிற ஆள். சொந்தக்காரர் அல்ல. வாங்கிய பணத்தை வாரிசுகளுக்கோ உயிலில் கண்டவருக்கோ பிரித்துக் கொடுக்க வேண்டியவர் அவர். உச்ச நீதிமன்றம் பாங்குக் கணக்கு பற்றி 2010இலும், பங்குப் பத்திரங்கள் பற்றி 2023 டிசம்பரிலும் இப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. ஆயுள் காப்பீடு மட்டும் விலக்கு: 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே சொந்தம்.

அதற்காக நாமினி போடாமல் விடாதீர்கள். நாமினி இருந்தால் பணம் வீட்டுக்குச் சீக்கிரம் வரும். இல்லாவிட்டால் வாரிசுச் சான்றிதழுக்கும் பாங்குக்கும் நடையாய் நடக்க வேண்டும். தனி உரிமையாளர் பெயரில் உள்ள கடைக் கணக்குக்கும் நாமினி போடலாம் என்பது பலருக்குத் தெரியாது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட் கணக்குக்கு நான்கு பேர் வரை, இன்னாருக்கு இத்தனை சதவீதம் என்று குறித்தும் நாமினி போட வழி வந்திருக்கிறது. யாரும் கேட்காமல் பத்து வருடம் கிடக்கிற டெபாசிட் பணம் ரிசர்வ் பாங்கின் நிதிக்குப் போய்விடும். பிறகும் கேட்டு வாங்கலாம். ஆனால் இருப்பதே தெரியாத பணத்தை யார் போய்க் கேட்பார்கள்?

வெள்ளைத் தாள் போதும்

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். பதிவும் கட்டாயமல்ல. வெள்ளைத் தாளில் நம் கையால் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதை இரண்டு சாட்சிகள் பார்த்து, நம் முன்னிலையில் அவர்களும் கையெழுத்துப் போட்டால் அது முழு உயில். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுங்கள்; தேதி எழுதுங்கள். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்துப் போடலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். 'எழுதினால் ஆயுசு குறையும்' என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடைக்குத் தீ விபத்து இன்ஷூரன்ஸ் எடுக்கிறோம். எடுத்த கடையெல்லாம் எரிந்து போயிற்றா?

பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுங்கள் என்பது என் கருத்து. சார்பதிவாளர் அலுவலகத்தில் உயிலை எப்போது வேண்டுமானாலும் பதியலாம், காலக்கெடு கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியக் கூடாதென்றால் உறையில் போட்டு அரக்கு வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கும் வசதியும் பதிவுச் சட்டத்தில் இருக்கிறது. பீரோவில் வைத்த உயில் காணாமல் போவதும், அதைப் பார்த்த மருமகன் பார்க்கவே இல்லை என்பதும் நம் ஊரில் புதிதல்ல. சென்னை நகருக்குள் எழுதிய உயிலுக்கும், அங்குள்ள வீடு, மனைகளுக்கும் உயர் நீதிமன்றத்தில் புரொபேட் வாங்கியே தீர வேண்டும் என்று நெடுங்காலமாக இருந்த விதியை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. எனவே அந்தப் பயமும் இனி வேண்டாம்.

சாட்சி விஷயத்தில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். மரியாதைக்காக எழுபது வயதுப் பெரியவர்கள் இருவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகிறோம். உயில் எழுதியவருக்கு முன்பே அவர்கள் போய்விடுகிறார்கள். தகராறு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்துக்கு வந்து 'நான் பார்த்தேன்' என்று சொல்ல வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஆகவே நம்மைவிட இருபது வயது சின்னவர்களை, ஊரை விட்டுப் போகாதவர்களைப் பிடியுங்கள். குடும்ப டாக்டர் ஒரு சாட்சியாக இருந்தால் மிக நல்லது. எழுதியவர் சுயநினைவோடு இருந்தார் என்பதற்கு வேறு அத்தாட்சி தேட வேண்டாம். சொத்து வாங்குகிறவரே சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. கிறிஸ்தவர் உயிலில் அப்படிச் செய்தால் அந்தச் சாட்சிக்கு எழுதியது செல்லாமலே போகும். இந்துக்களுக்கு அந்த விதி இல்லை. ஆனாலும் வம்பை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

அதிகப் பங்கு வாங்குகிற மகனே பத்திர எழுத்தரைக் கூட்டி வந்து, அவனே வாசகம் சொல்லி, அவனே அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பதிவு செய்தால் அந்த உயில் சந்தேகத்துக்கு உரியது. சந்தேகத்தைப் போக்க வேண்டியது அவன் பொறுப்பு. இது உச்ச நீதிமன்றம் 1959இலேயே சொன்னது. நடக்கிற தெம்பு இருக்கும்போதே நீங்களே போய் எழுதுங்கள். ஐ.சி.யூ. வாசலில் எழுதிய உயில் வக்கீல்களுக்குத்தான் சொத்து.

உயிலில் என்ன எழுதுவது? 'என் சொத்து எல்லாம்' என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். கடையை ஒருவருக்கு விடுவதாக இருந்தால் சரக்கு, வர வேண்டிய பாக்கி, அட்வான்ஸ், வாடகை உரிமை, கடைப் பெயர், தராசு, வண்டி, நடப்புக் கணக்கின் இருப்பு எல்லாம் அவருக்கு என்றும், கடையின் கடன்களை அவரே தீர்க்க வேண்டும் என்றும் எழுதுங்கள். இதில் சொல்லாமல் விட்டதும் இனிமேல் சேர்வதும் யாருக்கு என்று ஒரு வரி. எழுதிக் கொடுத்தவர் நமக்கு முன்பே போய்விட்டால் யாருக்கு என்று ஒரு வரி. நிறைவேற்றி வைப்பவர் ஒருவர் பெயர். வியாபாரம் தெரிந்தவராக இருக்கட்டும். பதினாறு நாள் முடியும் வரை கூட ஷட்டரை மூடி வைக்க முடியாத சரக்கு நம் சரக்கு.

யாருக்கு எவ்வளவு?

இதில் சட்டம் பேசாது, மனம்தான் பேச வேண்டும். என் கருத்தைச் சொல்கிறேன். மாறுபடுகிறவர்கள் அடுத்த இதழில் எழுதலாம்.

கடையை வெட்டக் கூடாது. நாலு பேருக்கு நாலு பங்கு என்று மளிகைக் கடையைப் பிரித்தால் நாலு பேருக்கும் கடை இல்லை. உழைக்கிறவனுக்குக் கடை. மற்றவர்களுக்கு வீடு, மனை, டெபாசிட், நகை. அவை போதாவிட்டால் கடையை எடுத்துக்கொள்கிறவன் இத்தனை வருடத்தில் இத்தனை ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உயிலிலேயே எழுதலாம். உயில் இல்லாமலே பங்கு பிரிந்தாலும்கூட ஒரு வாரிசு தன் பங்கை விற்க நினைத்தால் அதை வாங்குவதில் மற்ற வாரிசுகளுக்கு முன்னுரிமை உண்டு என்று 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வியாபாரத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த உரிமையை நிலைநாட்ட நீதிமன்றம் போக வேண்டும்.

மகளை உயிலில் ஒதுக்காதீர்கள். நான் இதைச் சொல்லத் தகுதியுள்ளவனா என்று எனக்கே சந்தேகம். எங்கள் அப்பா 1994இல் உயில் எழுதாமல்தான் போனார். எங்களுக்குள் சண்டை வரவில்லை என்று ஊரே பெருமையாகப் பேசியது. அது அப்பாவின் கெட்டிக்காரத்தனமும் அல்ல, அண்ணன் தம்பிகளின் ஒற்றுமையும் அல்ல. அக்கா சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து, காட்டிய இடத்தில் எல்லாம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். நாங்கள் அவளுக்குக் கொடுத்தது ஒரு பட்டுப்புடவை. எட்டு வருடம் கழித்து மச்சான் உடம்பு சரியில்லாமல் படுத்தபோது அக்கா வட்டிக்கு வாங்கியது எங்களுக்குத் தெரியவே இல்லை. வேறு ஆள் சொல்லித்தான் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். 'என்ன உரிமைல கேக்கிறது தம்பி?' என்றாள். எங்கள் கடையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அவளுடையதாக இருந்திருக்க வேண்டியது. அப்பா ஒரு தாளில், 'மகளுக்கு இந்த மனை' என்று ஒரு வரி எழுதியிருந்தால் நாங்கள் யாரும் மறுத்திருக்க மாட்டோம். பிறகு நாங்கள் செய்ததைச் செய்தோம். அது வேறு கதை.

ஏதோ காரணத்தால் ஒரு பிள்ளைக்குக் குறைவாகக் கொடுப்பதாக இருந்தால் காரணத்தை உயிலில் எழுதுங்கள். 'மேற்படிப்புக்கு இவ்வளவு செலவு செய்தேன்' என்று அப்பா கைப்பட எழுதியதைப் படித்தால் பிள்ளைக்குப் பாதிக் கோபம் தணியும். ஒரு வார்த்தையும் இல்லாமல் பெயர் விடுபட்டுப் போவதுதான் ஆறாத புண்.

தானசெட்டில்மெண்ட் அவசரம்

உயில் எதற்கு, இப்போதே மகன் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதிவிடுகிறேன் என்பார்கள் சிலர். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மதிப்பில் 1 சதவீதம்தான்; 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் உச்சவரம்பு தீர்வைக்கு 40,000 ரூபாயும் கட்டணத்துக்கு 10,000 ரூபாயும் என்றே வைத்தார்கள். மலிவாகத்தான் தெரியும். ஆனால் உயிலை நாளைக்கே மாற்றலாம். செட்டில்மெண்ட்டை நாம் மட்டும் போய் ரத்து செய்ய முடியாது. கல்லாவில் உட்கார்ந்திருந்த பெரியவர், எழுதிக் கொடுத்த மூன்றாம் மாதம் வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதித்தான் தீர வேண்டுமென்றால், 'என்னையும் என் மனைவியையும் ஆயுள் வரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையையும் நிறுத்திக்கொள்ளுங்கள். பராமரிக்காவிட்டால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவில் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்க அந்த நிபந்தனைதான் கைகொடுக்கும்.

பங்குதாரர்களாக வியாபாரம் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பங்குதாரர் இறந்தால் கூட்டு கலைந்துவிடும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால்தான் தொடரும். இரண்டே பேர் என்றால் எழுதியிருந்தாலும் பயனில்லை, ஒருவர் மட்டும் கூட்டு ஆக முடியாது. இறந்தவரின் முதலைத் திருப்பித் தராமல் வியாபாரத்தை நடத்தினால் அவர் குடும்பம் லாபத்தில் பங்கோ அல்லது ஆண்டுக்கு 6 சதவீத வட்டியோ கேட்கலாம் என்று 1932ஆம் ஆண்டுப் பங்காண்மைச் சட்டம் சொல்கிறது. பழைய பங்கு ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். இறந்து போனவர்களின் பெயர் இன்னும் அதில் இருக்கும்.

கொடுக்கல் வாங்கல் நோட்டு

இது மொத்த வியாபாரிகளுக்கும் சேர்த்துச் சொல்வது. இறந்தவரின் கடனுக்கு வாரிசுகள் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து பொறுப்பல்ல. அவர்கள் கைக்கு வந்த சொத்து அளவுக்குத்தான் பொறுப்பு. கேட்பதற்கும் காலவரம்பு உண்டு, சரக்குக் கடனுக்குச் சாதாரணமாக மூன்று வருடம். அதே போல இறந்தவருக்கு வர வேண்டிய பாக்கியை வாரிசு வழக்குப் போட்டு வசூலிக்க வேண்டுமானால் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று வாங்க வேண்டியிருக்கும். தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ் அதற்குப் போதாது. எந்த ஊர்க் கடைக்காரர் எவ்வளவு தர வேண்டும் என்பது அப்பாவின் மனத்தில் மட்டும் இருந்தால் வழக்குப் போட வழியே இல்லை.

எனவே உயிலோடு ஒரு நோட்டும் வேண்டும். யாரிடம் எவ்வளவு வர வேண்டும், யாருக்கு எவ்வளவு தர வேண்டும், கைமாற்று எது, புரோநோட்டு எங்கே, எந்தப் பாங்கில் எந்தக் கணக்கு, லாக்கர் சாவி, மூலப்பத்திரம் எந்தப் பீரோவில், யாருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், வணிகர் நல வாரிய அட்டை எங்கே, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். வருடா வருடம் புதுக்கணக்குப் போடுகிற நாளில் ஐந்தொகையோடு இதையும் திருத்தி எழுதினால் அரை நாள் வேலை. கணக்கு எழுதாத வியாபாரி உண்டா? சாவுக்குப் பின் உள்ள கணக்கை மட்டும் ஏன் எழுத மாட்டேன் என்கிறோம்? பெரிய இடத்திலும் இதே கதைதான். திருபாய் அம்பானி 2002 ஜூலையில் மறைந்தபோது உயில் இல்லை. மகன்கள் இருவரும் மோதி, 2005 ஜூனில் தாயார் பிரித்துக் கொடுத்தார். அவர்களுக்குத் தாங்கும். பதினொரு மாதம் பூட்டிக் கிடந்தால் நமக்குத் தாங்காது.

தூணுக்குப் பின்னால் என்னைத் தள்ளிக்கொண்டு போன நண்பர் போன வாரம் கடைக்கு வந்திருந்தார். நாற்பது பக்க நோட்டு ஒன்று கையில். முதல் இரண்டு பக்கம் பாக்கிக் கணக்கு, மூன்றாம் பக்கம் ஜாமீன் போட்ட விவரம்; அது வீட்டில் யாருக்கும் தெரியாதாம். சின்னவனையும் மகளையும் ஊரிலிருந்து வரவழைத்துப் பேசியாயிற்று என்றார். கடை பெரியவனுக்கு, வீடு அம்மா ஆயுளுக்குப் பிறகு மற்ற இருவருக்கும் என்று முடிவாம். மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: "அம்மா உயிலும் இதே மாதிரியாப்பா?" அந்த அம்மாள் பெயரில்தான் கடை மேல்மாடி இருக்கிறது. அதை இவர் மறந்தே போயிருந்தார். வருகிற வியாழக்கிழமை இருவரும் பதிவு அலுவலகம் போகிறார்கள். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார். எனக்கு எழுபத்தொன்று ஆகிறது, என் மகனைக் கூட்டிப் போங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.